ஜீப்புக்கு மட்கார்டு: தகரம், ஃபைபர், பிளாஸ்டிக் - போடிமெட்டுப் பாதையில் ஒரு சின்ன வரலாறு

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி பக்கமுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும். சாயங்காலம் அதே ஆட்கள், அதே வண்டி, அதே வளைவுகள். இந்த ஜீப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள், டயரைப் பற்றிப் பேசுவார்கள், எத்தனை பேரை ஏற்றினார்கள் என்று பேப்பரில்கூட வரும். சக்கரத்துக்கு மேலே கவிழ்ந்து கிடக்கிற மட்கார்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. மலையில் ஓடுகிற வண்டியில் பெரும்பாலும் முதலில் கெட்டுப்போவது அதுதான். கம்பெனி போட்ட தகரம் போனபிறகு அந்த இடத்தில் எதைப் போடுவது? மறுபடி தகரமா, ஃபைபரா, இப்போது கடையில் தொங்குகிற கறுப்புப் பிளாஸ்டிக்கா?

அப்படி என்ன பெரிய கேள்வி இது என்று தோன்றலாம். கூலிக்கு ஆள் ஏற்றும் ஒரு வண்டி பட்டறையில் இரண்டு நாள் நின்றால், டிரைவருக்கு இரண்டு நாள் வருமானம் போச்சு. அந்த வண்டியை நம்பியிருக்கிற ஆட்களுக்கு வேறு வண்டி கிடைக்காவிட்டால் அவர்களுக்கும் சம்பளம் போச்சு. அதனால் "எது நீடிக்கும்" என்பது இங்கே பொழுதுபோகாத கேள்வி கிடையாது.

கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும். ஜீப் பிறந்தது மலைக்காக அல்ல, போருக்காக. 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும் என்று கேட்டபோது அமெரிக்கன் பான்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. அந்த வண்டியின் மட்கார்டைப் படத்தில் பார்த்தால் ஒன்று தெரியும். அதில் வளைவே கிடையாது. ஒரு தட்டைத் தகரத்தை இரண்டு இடத்தில் மடக்கி வைத்தது போல இருக்கும். அந்தக் காலத்துக் கார்களில் மட்கார்டுதான் அழகே. யானைத்துதிக்கை மாதிரி வழிந்து இறங்கும். ஜீப்பில் அழகுக்கு இடமில்லை. தட்டையாக மடக்கினால் அச்சு சுலபம், செலவு குறைவு, அடுக்கிக் கப்பலில் ஏற்ற வசதி. கூடவே எதிர்பாராத லாபமும் கிடைத்தது. அந்தத் தட்டை மட்கார்டு மேஜையாயிற்று, நாற்காலியாயிற்று, வரைபடம் விரிக்கிற இடமாயிற்று. போர்க்காலப் புகைப்படங்களில் சிப்பாய்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இது முக்கியமான விஷயம். மட்கார்டு என்பது சேறு தெறிக்காமல் தடுப்பதற்கு என்று பெயரில் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் அது முதல் நாளிலிருந்தே ஆள் பாரம் தாங்கும் உறுப்பு. இதை மறந்துவிட்டுப் பிளாஸ்டிக்கையும் தகரத்தையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகள் இங்கேயும் ஏலத்துக்கு வந்தன. "டிஸ்போசல் ஜீப்" என்ற சொல் அப்படி வந்ததுதான். 1945-ல் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி முதலில் செய்தது உருக்கு வியாபாரம். குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் நிதி அமைச்சராகப் போய்விட, 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. (கம்பெனி பெயர்ப் பலகையில் ஏற்கெனவே எழுதியிருந்த "எம் அண்ட் எம்" வீணாகாமல் தப்பியது!) 1940களின் கடைசியில் பம்பாய் மஸ்காவில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு போனட் உயர்ந்த சிஜே-3பி மாடல் வந்தது. அமெரிக்காவில் அது 1968-ல் நின்றுபோனது. இங்கே அதன் வாரிசுகள் பல பத்தாண்டுகள் ஓடின. 1980களில் பெஜோ டீசல் எஞ்சின், எம்எம்-540, நீளமான உடம்பில் கமாண்டர், மேஜர் என்று பெயர்கள் மாறின. மட்கார்டு மட்டும் பெரிதாக மாறவில்லை. 1941-ல் மடக்கிய அதே மடிப்பு.

அந்த வண்டிகளுக்கு மேற்கு மலைத்தொடர் மாதிரி ஒரு சந்தை வேறெங்கும் அமைந்திருக்காது. ஏலக்காய் நிழலும் ஈரமும் கேட்கிற பயிர். ஏறக்குறைய 600 மீட்டரிலிருந்து 1,500 மீட்டர் வரை உயரமுள்ள இடம் அதற்கு வேண்டும். தோட்டம் கேரளத்தில், வேலை ஆள் தேனி மாவட்டத்தில், சந்தை போடியில். ஏலக்காய் ஏலம் இன்றும் போடிநாயக்கனூரிலும் கேரளப் பக்கம் புற்றடியிலும் நடக்கிறது. 2007 முதல் அது கணினி ஏலம். இந்த மூன்றையும் கட்டி வைத்திருக்கிற கயிறு அந்த மலைப்பாதைதான். குரங்கணி பக்கம் ஒரு காலத்தில் கம்பிப்பாதை இருந்தது. மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கி அடிவாரத்துக்கு இறங்கி, போடி வந்து சேர்ந்தது. மலைமேல் ஓடிய குட்டி ரயில் 1924 வெள்ளத்தில் போனது. போடிக்கு 1928-ல் வந்த மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நின்று, 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. மலைக்கு மேலே ஆளைக் கொண்டுபோகிற வேலை மட்டும் ஜீப்பின் தலையிலேயே நின்றுவிட்டது.

இனி மட்கார்டின் எதிரிகளைப் பார்ப்போம். போடி ஊர் மலைமறைவில் இருக்கிறது. வெயில், புழுதி, காய்ச்சல். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர். போடிமெட்டு 4,500 அடி வாக்கில். நடுவே ஆயிரம் மீட்டர் ஏற்றம். அங்கே போனால் தென்மேற்குப் பருவமழையின் நேரடி ராஜ்யம். மேகம், சாரல், சிவப்புச் சேறு. ஒரே வண்டி ஒரே நாளில் இரண்டு தட்பவெப்பத்தில் வாழ்கிறது. மலையின் ஈரம் தகரத்துக்கு விரோதி. கீழே அடிக்கிற வெயில் பிளாஸ்டிக்குக்கு விரோதி. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வேறு பாதைகள் உண்டுதான். ஆனால் இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு மாற்றம் காட்டுகிற பாதைகள் கொஞ்சம்தான்.

தகரம் எப்படிச் சாகிறது? நடுவில் ஓட்டை விழுந்து அல்ல. விளிம்பில். மட்கார்டின் ஓரத்தைப் பலத்துக்காக உள்பக்கம் மடித்திருப்பார்கள். சக்கரம் வீசுகிற சேறு போய் அந்த மடிப்பில் தங்கும். மேலே காய்ந்தாலும் மடிப்புக்குள் ஈரம் காயாது. வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். பெயிண்டில் சின்னக் கொப்புளம் தெரிகிறபோது விஷயம் முடிந்திருக்கும். இரண்டாவது இடம் போல்ட் போடுகிற இடம். ஜீப்பில் முன் கிரில்லும் இரண்டு மட்கார்டுகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. கல்பாதையில் சட்டம் முறுகுகிறபோது அந்த முறுக்கில் ஒரு பங்கு போல்ட் துளைக்கு வரும். துளையைச் சுற்றி விரிசல், விரிசலில் தண்ணீர், தண்ணீரில் துரு.

ஆனால் தகரத்துக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. டிங்கர். எந்த ஊர் மெயின் ரோட்டிலும் ஒரு டிங்கரிங் பட்டறை இருக்கும். சுத்தியலும் கேஸ் வெல்டிங்கும் இருந்தால் போதும். நசுங்கினால் தட்டி எடுப்பார். துரு தின்றால் அந்த அளவுக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைப்பார். பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஜீப் மட்கார்டு தட்டையாக இருப்பதால், கம்பெனி உதிரிபாகம் வாங்காமலேயே தகரத்தை மடக்கிப் புதிதாகவே செய்துவிடலாம். வளைந்து நெளிந்த கார் மட்கார்டில் இது நடக்காது. 1941-ல் செலவைக் குறைக்கச் செய்த அந்த மடிப்பு, எத்தனையோ வருஷம் கழித்து ஒரு மலையடிவாரப் பட்டறைக்காரருக்குச் சோறு போட்டது என்று சொன்னால் மிகையில்லை.

ஃபைபர் வந்த கதை வேறு. கண்ணாடி இழையில் உடம்பையே செய்து விற்ற கார்களில் ஒன்று 1953-ல் வந்த செவ்ரலே கார்வெட். கரடுமுரடான பாதைக்கு அதைக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் புரூஸ் மேயர்ஸ். அவர் ஃபைபர் படகு செய்த அனுபவம் உள்ளவர். 1964-ல் ஃபோக்ஸ்வேகன் பாகங்களோடு படகு மாதிரியே ஒரு உடம்பைச் சேர்த்து, மணல்மேட்டில் ஓட்ட "மேயர்ஸ் மேங்ஸ்" என்ற வண்டியைச் செய்தார். படகு செய்கிறவன் கைக்கு வண்டியும் வரும் என்பதுதான் இதில் விஷயம். அச்சில் மெழுகு தடவு, மேல் பூச்சு அடி, கண்ணாடி இழைப் பாயை விரி, பிசினை ஊற்றி உருளையால் தேய், காய்ந்ததும் கழற்று. பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம்.

நம் பக்கமும் கிட்டத்தட்ட இதே பாதைதான். கேரளக் கடற்கரையிலும் கன்னியாகுமரியிலும் ஃபைபர் படகு பரவியது. 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. பிசினும் பாயும் எங்கும் கிடைக்கிற சரக்கு ஆனது, அந்த வேலை தெரிந்த கைகளும் பெருகின. (கார் விஷயத்திலும் பெங்களூர் முன்னோடி. 1980களில் சிபானி டால்ஃபின் என்ற ஃபைபர் உடம்புக் கார் அங்கே வந்தது. பந்தயத்தில் பெயர் வாங்கியது, குடும்பங்களிடம் வாங்கவில்லை. மோதினால் என்ன ஆகும் என்ற பயம்தான்.) மாற்று ஜீப் உடம்புகளுக்குப் பேர்போன ஹரியானாவின் மண்டி டப்வாலியிலிருந்து கேரளப் பட்டறைகள் வரை, ஃபைபர் மேற்கூரை, ஃபைபர் போனட், ஃபைபர் மட்கார்டு என்று ஒரு வியாபாரமே உருவானது.

ஃபைபர் துருப்பிடிக்காது. தகரத்தின் எடையில் நாலில் ஒரு பங்கை ஒட்டித்தான் அடர்த்தி. மலை ஈரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறென்ன என்று தோன்றும். ஆனால் ஃபைபர் நசுங்கத் தெரியாத பொருள். தகரம் அடி வாங்கினால் குழிந்து அந்த அடியை விழுங்கிக்கொள்ளும். ஃபைபர் ஓரளவு வளையும், அதற்கு மேல் உடையும், நடுவில் ஒன்றும் கிடையாது. மேல் பூச்சில் சிலந்திவலை மாதிரி விரிசல் ஓடும். போல்ட் துளையில் நேராக இறுக்கினால் அந்த இடத்திலேயே இழை நொறுங்கும். பெரிய வாஷரும் ரப்பரும் கொடுத்துத்தான் மாட்ட வேண்டும். துளையிட்ட விளிம்பைப் பிசின் தடவி அடைக்காமல் விட்டால் இழை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். இன்னொன்று, கையால் செய்கிற சரக்கு என்பதால் ஒரு மட்கார்டு போல இன்னொன்று இருக்காது. பிசினைக் கஞ்சத்தனமாக ஊற்றினாலும் கெடுதல், தாராளமாக ஊற்றினாலும் கெடுதல் (பிசின் அதிகமானால் உடையும் தன்மை கூடும்). வாங்குகிறவருக்கு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பெயிண்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

மூன்றாவது, பிளாஸ்டிக். இங்கே பிரெஞ்சுக்காரர்களின் கதை ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக் மட்கார்டு வெயிலில் என்ன ஆகும் என்பதை அவர்கள் முழு வண்டியிலேயே பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1968 மே மாதம் சிட்ரோயன் கம்பெனி மெஹாரி என்ற வண்டியை அறிமுகப்படுத்தியது. மெஹாரி என்றால் சவாரி ஒட்டகம். அதை உருவாக்கியவர் ரோலான் த லா பொய்ப், இரண்டாம் உலகப்போரில் ரஷ்யாவில் சண்டையிட்ட விமானி, பிறகு பிளாஸ்டிக் தொழிலுக்கு வந்தவர். மெஹாரியின் உடம்பு முழுக்க ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெயிண்ட்டே கிடையாது, நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்தது. துரு இல்லை, லேசாக இடித்தால் குழிந்து திரும்ப வெளியே வரும், குழாயை வைத்து உள்ளும் புறமும் கழுவிவிடலாம். விவசாயிகள் வாங்கினார்கள், பிரெஞ்சு ராணுவமும் வாங்கியது. 1987 வரை ஏறக்குறைய 1,45,000 வண்டிகள்.

ஆனால் தென்பிரான்ஸ் கடற்கரையில் வருஷக்கணக்காக வெயிலில் நின்ற மெஹாரிகள் முதலில் வெளிறின, பிறகு முறுக்கு மாதிரி நொறுங்க ஆரம்பித்தன. காரணம் ஏபிஎஸ்ஸின் பெயரிலேயே இருக்கிறது. அந்த மூன்றெழுத்தில் நடு எழுத்து பியூட்டாடையீன், ரப்பர் அம்சம். அடி தாங்குகிற குணம் அதனால் வருவது. புற ஊதாக்கதிர் முதலில் போய்த் தாக்குவதும் அதைத்தான். ரப்பர் செத்தபின் மிஞ்சுவது கண்ணாடி மாதிரி ஒரு பொருள். பழைய மெஹாரி வைத்திருப்பவர்கள் இன்று உடம்பை முழுக்கக் கழற்றிப் புது பிளாஸ்டிக் உடம்பை மாட்டிக்கொள்கிறார்கள். அடிச்சட்டம் துருப்பிடித்து, அதையும் தனியாக மாற்றுகிறார்கள். அப்படியானால் எது மெஹாரி என்று கேட்கக் கூடாது.

இந்தியாவிலும் ஏபிஎஸ் உடம்பு ஓடியிருக்கிறது. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா மின்சாரக் கார் அப்படித்தான், நிறமே கலந்த பிளாஸ்டிக். ஆனால் அது ஊருக்குள் ஓடிய வண்டி, மலையில் அல்ல.

அமெரிக்காவில் அகல டயர் மோகம் வந்த காலத்தில் வேறொரு தேவை முளைத்தது. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றால் கல்லையும் சேற்றையும் பக்கவாட்டில் வீசும். அதை மறைக்க மட்கார்டின் விளிம்பில் ஒட்டுத்திண்ணை மாதிரி ஒரு வளையம் வேண்டியிருந்தது. "ஃபிளேர்" என்று இன்று கடைகளில் கேட்டு வாங்குவது இதைத்தான். ஒரிகானின் போர்ட்லேண்டில் 1969-ல் தொடங்கிய புஷ்வேக்கர் கம்பெனி இதையே தொழிலாக வைத்துப் பெரிதானது. கொஞ்ச காலத்தில் ஜீப் கம்பெனியே ரேங்ளர் வண்டிகளில் கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பைத் தொழிற்சாலையிலேயே மாட்ட ஆரம்பித்தது. இங்கே 2010-ல் வந்த முதல் தாரில் மட்கார்டு பழைய வழியில் உலோகம்தான். 2020-ல் வந்த புதுத் தாரில் சக்கர வளைவைச் சுற்றிக் கறுப்புப் பிளாஸ்டிக் கம்பெனியே கொடுத்தது. அதன்பிறகு கடைச் சரக்கும் பெருகியது.

கறுப்பு ஏன் என்பதற்கு விடை நம் மொட்டைமாடியில் நிற்கிறது. 1970களில் குஜராத்தின் கலோலிலிருந்து வந்த சின்டெக்ஸ் தண்ணீர்த் தொட்டி ஏன் கறுப்பாக இருந்தது? கரித்தூள். பிளாஸ்டிக்கில் இரண்டு சதவீதம் வாக்கில் நல்ல கரித்தூளைக் கலந்தால் அது புற ஊதாக்கதிரை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும், உள்ளே போகவிடாது. கறுப்புத் தொட்டி பல வருஷம் வெயிலில் நிற்க, நீல நிற வாளி இரண்டு கோடையில் விரிசல் விடுகிற ரகசியம் இதுதான். மட்கார்டிலும் அதே கதை. கறுப்பு பாலிபுரோப்பிலீன் விளிம்பு வெளிறி, சாம்பல் பூத்து, பார்க்கக் கண்றாவியாக இருக்கும், ஆனால் உடையாது. நிறம் வெளிறுவது வேறு, பலம் போவது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நல்ல சரக்கைக் கழற்றி எறிகிறார்கள். டயர் பாலிஷ் அடித்துப் பளபளப்பாக்கி விற்கிற மட்டச் சரக்கையும் அதே காரணத்தால் வாங்குகிறார்கள்.

வெயிலைவிடப் பெரிய வில்லன் போல்ட்டில் ஒளிந்திருக்கிறான். ஒரு மீட்டர் நீளமுள்ள உருக்கு 40 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர்தான் நீளும். அதே நீள ஏபிஎஸ் மூன்று மில்லிமீட்டர் நீளும். கறுப்புப் பிளாஸ்டிக் போடி மத்தியான வெயிலில் கொதித்து, மேலே மழைச்சாரலில் நனைந்தால் 40 டிகிரி வித்தியாசம் வருவது ஒன்றும் அதிசயமில்லை. தகரத்தோடு சேர்த்து உருண்டைத் துளையில் இறுக்கிய பிளாஸ்டிக் இந்த மூன்று மில்லிமீட்டரை எங்கே வைக்கும்? துளையைப் பிய்க்கும், இல்லையென்றால் நடுவில் அலை மாதிரி உப்பும். நல்ல கம்பெனிச் சரக்கில் துளைகள் நீள்வட்டமாக இருப்பது இதற்காகத்தான். மலிவுச் சரக்கில் துளையே இருக்காது, பட்டறையில் டிரில் போட்டு ஸ்க்ரூ முறுக்கிவிடுவார்கள். பழியை மட்டும் பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளும்.

உடைந்தால்? ஏபிஎஸ்ஸைக் கரைப்பான் தொட்டு ஒட்டலாம். பாலிபுரோப்பிலீனில் எந்தப் பசையும் லேசில் நிற்காது. சூடான காற்றில் உருக்கிப் பற்றவைக்க வேண்டும், அதற்கான ஆளும் கருவியும் எல்லா ஊரிலும் இல்லை. ஃபைபர் என்றால் ஒரு கால் கிலோ பிசினும் ஒரு முழம் பாயும் போதும், காலையில் ஒட்டினால் சாயங்காலம் வண்டி ஓடும். இந்த இடத்தில்தான் "உறுதி" என்ற சொல்லின் அர்த்தமே மாறுகிறது. பரிசோதனைச் சாலையில் எது கடைசியாக உடைகிறது என்பது ஒரு கணக்கு. பூப்பாறையில் உடைந்தால் மறுநாள் காலை டிரிப்புக்குள் எதைச் சரிசெய்ய முடியும் என்பது இன்னொரு கணக்கு. ஜீப் வைத்துப் பிழைப்பவர் இரண்டாவது கணக்கைத்தான் போடுவார், போட வேண்டும்.

கணக்கு என்றதும் காப்பீட்டைச் சொல்லாமல் விட முடியாது. காமர்ஸ் பாடத்தில் தேய்மானம் என்று பக்கம் பக்கமாகப் படிக்கிறோம், அதன் உயிருள்ள உதாரணம் இதில் இருக்கிறது. 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் டாரிஃப், வண்டி சேதமானால் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு தேய்மானம் கழிக்க வேண்டும் என்று வகுத்தது. 2007-ல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் பாலிசி வாசகங்கள் பெரும்பாலும் அதையே பின்பற்றுகின்றன. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம். கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், 30 சதவீதம். உலோகத்துக்கு மட்டும் வயதைப் பார்த்து: ஆறு மாதம் வரை ஒன்றுமில்லை, ஒரு வருஷம் வரை 5, இரண்டு வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50.

இதை உட்கார்ந்து ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும். ஷோரூமிலிருந்து நேற்று வந்த பிளாஸ்டிக் மட்கார்டும், பத்து வருஷம் மலையேறித் துருப்பிடித்த தகர மட்கார்டும் காப்பீட்டுக்காரர் கண்ணில் ஒரே வயது! நாலு வருஷம் வரை தகரம் ஃபைபரைவிட மேல். ஐந்தாம் வருஷம் ஃபைபர் முந்துகிறது. துருவைப் பற்றிய அனுபவ அறிவு இந்த உலோக அட்டவணையில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் மட்டும் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். கரித்தூள் கலந்த பாலிபுரோப்பிலீனும் ஒன்றுதான், பெயிண்ட் அடித்த மட்ட ஏபிஎஸ்ஸும் ஒன்றுதான்.

அதைவிடக் கசப்பான விஷயம் வாடகை வண்டிக்காரர்களுக்கு. வணிக வாகனப் பாலிசியில் சாதாரணமாக விளக்கு, டயர், மட்கார்டு, போனட் பக்கப் பாகங்கள், பம்பர், பெயிண்ட் ஆகியவற்றுக்கு வண்டி முழுவதுமாகப் போனால் ஒழிய இழப்பீடே கிடையாது. "ஐஎம்டி 23" என்ற ஒப்புதலைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தால்தான் கிடைக்கும். அதாவது மலையில் முதலில் அடிபடுகிற பாகங்களின் பட்டியலை எடுத்து, அப்படியே விலக்கி வைத்திருக்கிறார்கள். காப்பீட்டுக் கம்பெனி பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. தினம் தினம் உரசுகிற பாகத்துக்குத் தினம் தினம் க்ளெய்ம் கொடுக்க முடியாது. ஆனால் அதன் விளைவு, மட்கார்டு செலவு முழுக்க டிரைவரின் சட்டைப்பையிலிருந்து போகிறது. அப்புறம் அவர் எதை வாங்குவார்? அன்றைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறதோ அதை. ஏலக்காய் விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தோட்டங்கள் அழிந்து, மறு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு வருஷத்துக்குள் ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. விலை தொட்ட உயரத்தில் தோட்டக்காரர் வண்டியை மாற்றலாம். கூலி ஆள் ஏற்றுகிறவருக்கு டிரிப் கட்டணம்தான்.

சட்டமும் நடுவில் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே சொன்னது. அடிப்படை அமைப்பைத் தொடாமல் துருப்பிடித்த மட்கார்டுக்கு அதே அளவில் ஒன்று மாட்டுவது பழுதுபார்ப்பு. மட்கார்டை வெட்டி, அகல டயர் போட்டு, அதற்கு மேல் பெரிய ஃபிளேர் ஒட்டுவது மாற்றம். இரண்டு மாநில அதிகாரிகளும் நிற்கிற போடிமெட்டு மாதிரியான எல்லையில் இந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டு நிற்க யாருக்கும் ஆசை இருக்காது. கொளுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து சுற்றுலா ஆட்களை ஏற்றுகிற ஜீப்புகளுக்கு அலங்காரமும் வியாபாரத்தில் ஒரு பங்குதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கல்பாதையில் ஃபிளேருக்கு உண்மையான வேலையும் இருக்கிறது, பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடியில் கல் அடிக்காமல் பார்ப்பது.

முன் மட்கார்டைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியாயிற்று. பின்பக்கம் கதையே வேறு. பழைய ஜீப்பில் பின் மட்கார்டு தனியாகக் கழற்றி மாட்டுகிற பாகம் அல்ல, உடம்போடு சேர்ந்தது. உள்ளே அதுதான் சக்கரப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு மேலேதான் பக்கவாட்டு சீட். ஆட்கள் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்காருவது அதன்மேல்தான். ஏறும்போது மிதிப்பதும், மழையில் படுதாவை இழுத்துக் கட்டுவதும், சமயத்தில் சாப்பாட்டுத் தூக்கையும் அரிவாளையும் செருகி வைப்பதும் அந்தப் பக்கம். முன்னால் எந்தப் பிளாஸ்டிக் வேண்டுமானாலும் போடலாம், உடைந்தால் சேறுதான் தெறிக்கும். பின்னால் துருப்பிடித்த சக்கரப் பெட்டிக்கு மேல் பளபளப்பான ஃபைபர் ஓட்டை ஒட்டி மறைத்தால், ஆள் பாரம் நிற்பது அந்தத் துருவின் மேல்தான். வளைவில் வண்டி சாய்கிறபோது ஒரு பக்கத்து ஆட்களின் எடை முழுக்க அங்கே இறங்கும். அதனால் பழைய கமாண்டரை வாங்கப் போகிறவர்கள் முன்னால் நின்று மட்கார்டைத் தட்டிப் பார்ப்பதைவிட, பின்னால் ஏறி, சீட்டைத் தூக்கி, சக்கரப் பெட்டியின் மூலையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பது நல்லது. நுனி உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு மட்கார்டு வேண்டியதில்லை, உடம்பே வேண்டும்.